பதிவு செய்ய முடியாத கல்யாணம், பதிவு செய்ய முடிந்த உயில்

கேள்வி: நான் ஒரு பெண், வயது 37. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் என் பெயரில் இருக்கிறது. நானே சம்பாதித்து வாங்கியது. பல வருடமாக என்னோடு சேர்ந்து வாழ்பவர் சேலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கட்டின செலவில் பாதிக்கு மேல் அவர் போட்டது. போன மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்கள். "ஃப்ரெண்ட்" என்றேன். "அப்ப வீட்ல இருந்து யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார்கள். தர்மபுரியிலிருந்து அவர் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆபரேஷன். நாங்கள் இருவரும் சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்ய முடியுமா? முடியாதென்றால், கல்யாணம் என்ற பெயர் இல்லாமல் உறவைப் பதிவு செய்யும் சிவில் யூனியன் என்கிறார்களே, அது வருமா? அதற்காகக் காத்திருக்கலாமா? "சுப்ரீம் கோர்ட்டே முடியாதுன்னு சொல்லிடுச்சு, இனி சேர்ந்து இருந்தீங்கன்னா போலீசுக்குப் போவேன்" என்று அந்த அண்ணன் மிரட்டுகிறார். அம்மாவோ டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், ஏற்காடு

வழக்கறிஞர் பதில்:

பதிவு செய்ய முடியாது, தங்கச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "செலவு பண்ணுங்க, சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது உங்களிடம் வரலாம். அப்படி வாங்கும் காகிதம் எங்கேயும் செல்லாது.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுப்பது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு. அண்ணா முதல்வராக இருந்த 1967ல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். நண்பர்கள் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலும் மோதிரம் போட்டுக்கொண்டாலும் போதும். இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணம் என்று பொதுவாகத்தான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாமே என்று இளம் வக்கீல்கள் கேட்பதுண்டு. ஆனால் நாலு வரி தள்ளி, ஒருவர் மற்றவரை மனைவியாகவோ கணவராகவோ ஏற்பதாகச் சொல்வது என்று வருகிறது. சார்பதிவாளர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயதோடு பாலினத்தையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், திருநங்கையும் மணப்பெண்தான் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். திருநர் ஒருவர் ஆண்-பெண் உறவில் இருந்தால் இருக்கிற சட்டத்திலேயே கல்யாணம் செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றமும் பிறகு ஏற்றது. எனவே உங்களில் ஒருவர் திருநம்பி, அதாவது ஆணாக வாழும் திருநர் என்றால் என் பதில் வேறு. கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இருவரும் பெண்ணாகவே வாழ்பவர்கள் என்றுதான் தெரிகிறது. பதிவுக்காக மட்டும் ஒருவர் அடையாளத்தை மாற்றிச் சான்றிதழ் வாங்கலாமா என்று யோசிக்க வேண்டாம். அது பொய் வாக்குமூலம், பின்னால் கடிக்கும்.

மாலை மாற்றிக்கொண்டு, தோட்டத்தில் பந்தல் போட்டு, வேண்டியவர்களுக்கு விருந்து வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால் உங்களுக்குச் சட்ட உரிமை எதுவும் வராது, அவ்வளவுதான்.

சரி, சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? அண்ணன் பாதிதான் படித்திருக்கிறார். ஒரே பாலினத்தவர் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே திருத்தி எழுத முடியாது என்ற இரண்டிலும் ஐவரும் ஒரே கருத்து. பிரிந்தது சிவில் யூனியனில்தான். இருவர் சேர்ந்து வாழும் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்றனர் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும். மற்ற மூவரும், அப்படி ஒரு அங்கீகாரத்தைச் சட்டமன்றம்தான் உருவாக்க முடியும், நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்றார்கள். மூவர் பக்கம் தீர்ப்பானது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. ஆனால் நீங்கள் சேர்ந்து வாழ்வது குற்றம் என்று ஐவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் விரும்பி வைத்துக்கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்பது 2018 செப்டம்பரிலேயே முடிந்த கதை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது.

இப்போது அரசியலுக்கு வருகிறேன். வழக்கு நடந்தபோது மத்திய அரசு இரண்டு வாதம் வைத்தது. ஒன்று, இது நகரத்து மேல்தட்டு ஆட்களின் கருத்து என்பது. நாகலூரிலிருந்து வந்திருக்கும் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று கொஞ்சம் கனமானது. கணவன், மனைவி, விதவை என்று பேசும் சுமார் 160 விதிகள் வெவ்வேறு சட்டங்களில் கிடக்கின்றன, ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் ஆடும் என்றார் சொலிசிட்டர் ஜெனரல். சிவில் கோர்ட்டில் காலம் தள்ளுகிற எனக்கு அது பொய் என்று சொல்ல வராது. ஜீவனாம்சம், வாரிசு, தத்து, பென்ஷன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவைதான். ஆனால் 160 இடத்தில் ஓட்டை இருக்கிறது என்றால் உட்கார்ந்து அடைக்க வேண்டியது சட்டமன்றத்தின் வேலை. அதைச் செய்யாமல் இருக்கக் காரணமாக அதையே சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சிவில் யூனியன் என்பது கல்யாணம் என்ற பெயர் இல்லாமல், அதன் சட்டப் பலன்களில் பலவற்றை, சில நாடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும், ஒரு பதிவின் மூலம் கொடுப்பது. 1989ல் டென்மார்க் முதலில் கொண்டு வந்தது. 1999ல் பிரான்ஸ் ஒரு பதிவு ஒப்பந்தத்தை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்தது. இன்றைக்கு அங்கே அதைப் போட்டுக்கொள்பவர்களில் பெரும்பான்மை ஆண்-பெண் ஜோடிகள்தான்! இந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள். மரபைக் காப்பவர்கள், கொல்லைப்புறமாக வரும் கல்யாணம் இது என்கிறார்கள். உங்கள் தரப்பில் இருப்பவர்கள் சிலர், எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டாம் தரம் என்கிறார்கள். டென்மார்க்கே 2012ல் முழுத் திருமணத்துக்குப் போய்விட்டது என்பது இவர்களுக்குச் சாதகமான உதாரணம். தாய்லாந்து இடையில் நிற்காமல் நேரே திருமணச் சட்டத்தையே திருத்தி, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

என் நோக்கு வேறு. கல்யாணத்தில் சட்டம் தரும் பெரிய பலன், எதையும் எழுதி வைக்காதவர்களையும் அது காப்பாற்றுவது. என் கட்சிக்காரர்களில் உயில் எழுதி வைத்துவிட்டுப் போன கணவன்மார்கள் ரொம்பக் குறைவு. மனுஷன் திடீரென்று போய்விடுவார். பீரோவைத் திறந்தால் பழைய ரசீதும் கல்யாணப் பத்திரிகையும்தான் இருக்கும். ஆனாலும் தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று கேட்டால் முதல் பெயராக மனைவி பெயர் வரும். பட்டா மாறும், பேங்க் பணம் வரும், பென்ஷன் வரும். அவர் எதையும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் யோசிக்காமலே பெறுவதை நீங்கள் ஒவ்வொன்றாக எழுதித்தான் பெற வேண்டும். எழுதினாலும் சிலது கிடைக்காது. அதனால் சிவில் யூனியன் விவாதத்தில் யாராவது பேசும்போது, பெயரை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: இருவரில் ஒருவர் எதையும் எழுதாமல் இறந்தால் மற்றவருக்கு என்ன கிடைக்கும்? அதற்குப் பதில் இல்லாத ஏற்பாடு என்ன பெயரில் வந்தாலும் எனக்கு வேண்டாம்.

வருமா என்று கேட்டீர்கள். 2022ல் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் நிறைவேறாமலே போகும், அதற்கும் அதே கதிதான். டெல்லியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் சட்டம் போடலாம், மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 7-ஏ அப்படி மாநிலம் போட்டதுதானே. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் சேலத்தில், 1944 ஆகஸ்டில். அந்தக் காலத்தில் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் யாருக்கும் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகவில்லை. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. பதினைந்து வருடத்துக்குள் வந்த சட்டம், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்வது பற்றி யோசியுங்கள் என்று தமிழக அரசிடம் சொன்னார். அது கல்யாணமல்ல, ஆனால் கையில் காட்ட ஒரு காகிதம். மாநிலம் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் நல்லது என்பது என் கருத்து. எந்த வருடம் என்று என்னால் சொல்ல முடியாது. காத்திருக்காதீர்கள்.

காத்திருக்காமல் செய்ய வேண்டியவற்றில் முதலாவது உயில். நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால், கணவரும் குழந்தையும் இல்லாத இந்துப் பெண் என்ற முறையில் தோட்டம் உங்கள் அப்பா, அம்மாவுக்குப் போகும். அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் உடன்பிறந்தவர்களுக்கு. கட்டிடம் நிலத்தோடுதான் போகும், அவர் போட்ட பணம் உட்பட. சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சர்வே எண், பட்டா எண், நான்கு எல்லை தெளிவாக இருக்கட்டும். அவரை "என் தோழி" என்று மட்டும் எழுதாமல் முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஆதார்படி முகவரி போடுங்கள். பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஏன் எழுதவில்லை என்று இரண்டு வரி சேருங்கள். மறந்து விட்டுப்போனதல்ல, யோசித்துச் செய்தது என்று நீதிபதிக்குத் தெரிய அது உதவும். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிவு செய்யுங்கள். அவரும் தன் பங்குக்கு உங்களுக்கு ஒரு உயில் எழுதட்டும்.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். நாளைக்கு யாராவது எதிர்த்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து "என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டாங்க" என்று சொல்ல வேண்டும். எனவே எழுபது வயது எஸ்டேட் மேஸ்திரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைப் போடாதீர்கள். உங்களைவிட வயதில் குறைந்தவர்களாக, சேலம் பக்கமே இருக்கப் போகிறவர்களாகப் பாருங்கள்.

"இப்போதே பாதி நிலத்தை அவர் பேருக்கு மாத்திட்டா என்ன?" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். குடும்பத்தாருக்கு செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதினால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதுவும் ரூ.40,000க்கு மேல் போகாது. அவர் சட்டப்படி உங்கள் குடும்பம் இல்லை என்பதால் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. அதோடு முடியாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ரூ.50,000க்கு மேல் மதிப்புள்ள சொத்து இனாமாக வந்தால், பெறுபவர் அதற்கு வருமான வரி கட்ட வேண்டும். கணவன் மனைவிக்கு இது கிடையாது. இந்த வேறுபாட்டை எதிர்த்து ஒரு ஜோடி 2025ல் பம்பாய் உயர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். உயில் மூலம் வரும் சொத்துக்கு இந்த வரி இல்லை. அதனால்தான் உங்களுக்கு நான் உயிலைச் சொல்கிறேன்.

அவர் போட்ட பணத்துக்குத் தனியாக ஒரு காகிதம் வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியை என்றால், பள்ளி நியமன விதியில் தடை இல்லாத பட்சத்தில், ஹோம்ஸ்டேவுக்குக் கூட்டு வணிக ஒப்பந்தம் போட்டு யார் எவ்வளவு முதல் போட்டது என்று எழுதலாம். அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அதைச் செய்யாதீர்கள், நடத்தை விதி இடிக்கும். அப்போது கடன் பத்திரம்தான். அது மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எப்படியானாலும் இனிமேல் பணம் பேங்க் வழியாகவே போகட்டும்.

பேங்கில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் உங்களைப் போன்றவர்களுக்குத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை தெளிவாகச் சொல்லிவிட்டது. ரேஷன் கார்டில் ஒரே வீட்டாராகக் கருதவும் மாநிலங்களுக்கு ஆலோசனை போயிருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அச்சிட்டு எடுத்துப் போங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. உயில் இல்லாத நாமினேஷன் பாதி வேலை. பி.எஃப். இன்னும் கறார். அவரை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால் உங்கள் பெயரில் போட்ட நாமினேஷன் செல்லாது. அண்ணன் அந்தக் கணக்கில் குடும்பமே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை விஷயம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சுயநினைவோடு இருந்தாரா? இருந்திருந்தால் வயது வந்த ஒருவரின் சம்மதம் அவரே போடும் கையெழுத்துதான். அண்ணனுக்காகக் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. பில்லுக்கும் பிற்பாடு வரும் சண்டைக்கும் ஒரு ஆள் கையில் இருக்கட்டும் என்பதற்காகவே பல இடங்களில் சொந்தக்காரரைத் தேடுகிறார்கள். நினைவில்லாத நிலைதான் சிக்கல். பொது அதிகாரப் பத்திரம் இதற்கு உதவாது, எழுதியவர் மனநிலை தவறினாலும் இறந்தாலும் அது முடிந்துவிடும். என் மருத்துவ விஷயங்களில் இன்னார் பேசட்டும், தகவல் அவரிடம் சொல்லுங்கள், கூட இருக்க விடுங்கள் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து இருவர் போனிலும் வையுங்கள். மருத்துவமனையை அது கட்டாயப்படுத்தாது, ஆனால் "ஃப்ரெண்ட்" என்று சொல்லி நிற்பதைவிட எவ்வளவோ மேல். குணமாகாத கடைசி நிலைக்கென்று உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்று 2023ல் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவு தனி. மனநல சிகிச்சைக்கு மட்டும் 2017 சட்டப்படி யாரை வேண்டுமானாலும் பிரதிநிதியாக நியமிக்கலாம், வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். 2024ல் மத்திய சுகாதாரத் துறை எழுதிய கடிதத்தில், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறது. "இல்லாதபோது" என்ற அந்த நிபந்தனையைப் படித்தபோது, இந்த விவாதத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரிந்தது.

அம்மாவிடம் மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் டாக்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதை மாற்ற சிகிச்சை என்று நடத்துவதைத் தடை செய்யச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், 2021ல். மறு வருடமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் முறைகேடு என்று அறிவித்தது.

கடைசியாக அண்ணன். தங்கையைக் காணவில்லை என்று அவர் புகார் கொடுத்தால், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்படி சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பது அதே 2021 உத்தரவு. அது மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் வந்தது. பிறகு, இப்படிப்பட்டவர்களையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தார்கள். 2025 மே மாதம், வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்று சொல்லி அவரை அவர் விருப்பப்படி அனுப்பியது உயர் நீதிமன்றம். இந்த இரண்டு உத்தரவின் நகலையும் வீட்டில் வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதற்றப்படாமல் போகலாம், ஆனால் தனியாகப் போக வேண்டாம், ஒரு வக்கீலோடு போங்கள். அண்ணன் மிரட்டும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் நேரில் வந்தால் சத்தம் போட்டுப் பேசாதீர்கள், வாசலில் ஹோம்ஸ்டே விருந்தாளிகள் இருப்பார்கள்.

உயிலுக்கு வரைவு எழுதுபவரிடம் காட்ட, பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து வையுங்கள். கட்டிடத்துக்கு ஊராட்சி அனுமதி வாங்கியிருந்தால் அதையும். வாங்கவில்லை என்றால், அதை முதலில் சரி செய்யுங்கள்.